ஒரே காசு, வேறு வேறு ஆழம்: மெட்டல் டிடெக்டர்களை ஒப்பிடும்போது வரும் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

ஒரு மெட்டல் டிடெக்டர் எவ்வளவு ஆழம் எடுக்கும் என்று கேட்டால், எந்த மண்ணில், எந்தக் காயிலில் (தரையை ஒட்டி அசைக்கும் கம்பிச்சுருள் தட்டில்), எந்தப் பொருளுக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த மூன்றையும் நிலையாக வைத்துக்கொண்டு கருவியை மட்டும் மாற்றினால்தான் ஒப்பீடு செல்லும். கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் இது கூடுதல் கவனம் கேட்கிறது. ஏனெனில், பண்ருட்டி முந்திரித் தோப்பின் செம்மண்ணுக்கும் தேவனாம்பட்டினத்து அலையோர ஈர மணலுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணந்தான் இருந்தாலும், டிடெக்டரின் கண்ணுக்கு அவை இரண்டும் முற்றிலும் வேறான உலகங்கள். கீழே வரும் அறிகுறிகளில் உங்களுடையது எதுவோ அதிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன் சோதனைத் தளத்தை மட்டும் ஒழுங்காக அமைத்துக்கொள்ளுங்கள்.

தளம் உங்கள் சொந்த நிலமாகவோ உரிமையாளர் இசைவு தந்த நிலமாகவோ இருக்கட்டும். அரிக்கமேடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே தோண்டுவது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேறு எந்த நிலத்தில் சோதிக்கும்போதும் பழம்பொருள் தற்செயலாகக் கிடைத்து அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்ற வரம்பு அந்தக் காலத்துப் பணத்தில் வைத்தது. ஆகவே கிடைப்பது எதுவானாலும் தெரிவிப்பதே பாதுகாப்பு.

செம்மண்ணில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் எடுத்து, அதன் பக்கச் சுவரில் 10, 15, 20, 25, 30 செ.மீ. ஆழங்களில் கிடைமட்டமாகத் துளைகள் போட்டு, மரச் சட்டத்தின் நுனியில் காசைப் படுக்கையாக ஒட்டி உள்ளே தள்ளுவது நான் அறிந்தவற்றில் சிறந்த முறை. மேலே உள்ள மண் கலையாமல் இருப்பதால், தோண்டி மூடிய குழியில் வரும் பொய்யான முடிவுகள் இதில் வராது. துளைகள் பள்ளத்தின் விளிம்பிலிருந்து இரண்டடியாவது உள்ளே போக வேண்டும். இல்லையெனில் காயில் பள்ளத்தின் வெற்றிடத்தையும் சேர்த்துப் பார்க்கும். மணலில் சுவர் நிற்காது என்பதால் அங்கே துளைக்குப் பதில் பிவிசி குழாயைப் படுக்கையாகப் புதைத்துவிட்டு, இரண்டு மூன்று அலையேற்றங்கள் அதன்மேல் ஏறி இறங்கிய பிறகு சோதியுங்கள்.

அறிகுறி: காற்றில் 30 செ.மீ. எடுத்த கருவி, மண்ணில் 12 செ.மீ. கூட எடுக்கவில்லை

காயிலுக்கு எதிரே கையால் காசை ஆட்டிப் பார்ப்பதைக் காற்றுச் சோதனை என்கிறோம். கருவி உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிப்பதில்லை. காயிலிலிருந்து கிளம்பும் காந்தப்புலம், சற்றுத் தள்ளிப் போனதும் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது; காசில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டம் திருப்பி அனுப்பும் புலமும் அதே மும்மடியில் குறைந்துதான் காயிலை வந்தடைகிறது. போகவும் வரவும் சேர்த்து ஆறாம் அடுக்கு. ஆழம் இரட்டிப்பானால் திரும்பி வரும் சமிக்ஞை 64இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இதையே திருப்பிப் பார்த்தால், கருவியின் உணர்திறனை இரட்டிப்பாக்கினாலும் கிடைக்கும் கூடுதல் ஆழம் ஏறத்தாழ 12 சதவீதந்தான். அந்த மெலிந்த சமிக்ஞை, மண்ணிலுள்ள இரும்புக் கனிமங்கள் எழுப்பும் மிகப் பெரிய சமிக்ஞையின் அடியில் கிடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், காற்றுக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு வியப்பளிக்காது.

செய்ய வேண்டியது: உலோகம் இல்லாத ஓர் இடத்தைத் தேடி, காயிலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை மேலும் கீழும் அசைத்து, சத்தம் சமனாகும்வரை கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சமிக்ஞையைக் கழிக்கும் சரிக்கட்டல்) செய்யுங்கள். ஒப்பிடும் ஒவ்வொரு கருவிக்கும், அதே இடத்தில், சோதனைக்குச் சற்று முன்பு இதைச் செய்ய வேண்டும். பிறகு சென்சிட்டிவிட்டியை (உணர்திறன் அளவை) உச்சத்திலிருந்து படிப்படியாகக் குறையுங்கள். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணிலும் ஆரோவில் மேட்டுநிலத்திலும் உச்ச சென்சிட்டிவிட்டியில் கருவி மண்ணைக் கேட்டே திணறுகிறது. இரண்டு மூன்று படி குறைத்ததும் காசு தெளிவாகக் கேட்கும். காயிலின் உறையைக் கழற்றிப் பார்க்கவும் மறக்காதீர்கள். உறைக்கும் காயிலுக்கும் நடுவே புகுந்து படிந்த கருமணல், எங்கு போனாலும் கருவியோடு கூடவே வரும் கெட்ட மண்.

இன்னொன்று, காயிலின் உயரம். முந்திரிச் சருகின்மேல் காயிலை ஐந்து செ.மீ. உயர்த்தி இடவலமாக வீசினால் அந்த ஐந்து செ.மீ. ஆழத்திலிருந்தே கழிகிறது. இரண்டு பேர் இரண்டு உயரத்தில் வீசிவிட்டுக் கருவிகளை ஒப்பிட்டதாகச் சொல்வது அடிக்கடி நடக்கிறது.

அறிகுறி: பண்ருட்டியில் வென்ற கருவி தேவனாம்பட்டினத்தில் தோற்கிறது

நம் பகுதிக்கே உரிய கேள்வி இது என்பதால் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

கடற்கரையை ஒரே மணல் என்று எண்ணக் கூடாது. மேலேயுள்ள உலர் மணல், எந்தக் கருவிக்கும் மிக இணக்கமான இடம்; அங்கே மலிவான கருவியும் விலையுயர்ந்த கருவியும் ஏறத்தாழச் சமமாக ஓடும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் உப்புநீர் தானே மின்கடத்தியாகி, மெல்லிய தங்கத்தைப் போலவே பதில் சொல்லத் தொடங்குகிறது. மூன்றாவது, அலை வடியும்போது கறுப்புக் கோடு கோடாகப் படிந்திருக்கும் கனிம மணல். இல்மனைட்டும் மேக்னடைட்டும் கார்னெட்டும் கலந்தது. உப்பு ஒரு பக்கமும் மேக்னடைட் இன்னொரு பக்கமுமாக இழுக்க, ஒற்றை அலைவரிசைக் கருவியால் ஒன்றைச் சமன்செய்தால் மற்றதைச் சமன்செய்ய முடிவதில்லை.

அதனால்தான் 6.5 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் கேரட் ஏஸ் 250, 15 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் கேரட் ஏடி ப்ரோ போன்ற ஒற்றை அலைவரிசைக் கருவிகள் தோப்பிலும் வயலிலும் நன்றாக உழைத்துவிட்டு, ஈர மணலில் சென்சிட்டிவிட்டியை வெகுவாகக் குறைத்தால்தான் அமைதியாகின்றன. மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 போலப் பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவி, அவற்றுக்கிடையிலான வேறுபாட்டைக் கொண்டு உப்பின் பங்கைக் கழித்துவிடுவதால் அங்கே முந்துகிறது. அதே கருவியை ஈர மணலில் ஒற்றை அலைவரிசைக்கு மாற்றிப் பாருங்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு கருவிகள் இருப்பது போலிருக்கும்.

பல்ஸ் இண்டக்ஷன் வகை வேறு வழியில் போகிறது. அது ஒரு துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, பத்துப் பதினைந்து மைக்ரோவினாடி காத்திருந்த பின்னரே கேட்கத் தொடங்குகிறது. உப்புநீரின் எதிரொலி அதற்குள் அடங்கிவிடும். தங்க மோதிரத்தின் எதிரொலி அடங்கியிராது. ஈர மணலில் ஆழத்துக்கு இதை மிஞ்சுவது கடினம். ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்லும் திறன் இதற்கு மிகக் குறைவு. பாட்டில் மூடியும் ஆணியும் மண்டிக்கிடக்கும் கரையில் அது எழுப்பும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு குழி தோண்ட வேண்டும். செம்மண்ணுக்கு வந்தாலோ, செம்புறைப் பாறை சிதைந்த மண்ணிலுள்ள மேக்ஹமைட் என்ற நுண்துகள், துடிப்பு நின்ற பிறகும் சற்று நேரம் எதிரொலித்துக்கொண்டிருக்கும். கிரவுண்ட் பேலன்ஸ் வசதி இல்லாத கடற்கரைப் பல்ஸ் கருவி, பண்ருட்டியில் தடுமாறுவது இதனால்தான்.

ஆகவே முடிவை எழுதும்போது கடற்கரையின் மூன்று மண்டலங்களுக்கும் செம்மண்ணுக்கும் தனித்தனி எண்ணாக எழுதுங்கள். நான்கையும் கூட்டிச் சராசரி போட்டால் அந்த எண் எந்த இடத்துக்கும் பொருந்தாது. கருவியைக் கடலுக்குள் இறக்குமுன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளவும்: ஏஸ் 250 கருவியில் காயில் மட்டுமே நீர் தாங்கும், மேலேயுள்ள பெட்டி தாங்காது, ஏடி ப்ரோ மூன்று மீட்டர் வரை முழுதாக மூழ்கலாம்.

அறிகுறி: காணொளியில் 25 செ.மீ. எடுத்த அதே கருவி, என் ஒரு ரூபாய்க் காசைப் பாதி ஆழத்தில்கூட எடுக்கவில்லை

காணொளிகளில் பெரும்பாலும் புதைப்பது அமெரிக்க கால் டாலர். செம்பு நடுப்பகுதி கொண்ட, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் காசு. நம் ஒரு ரூபாய் 1992 முதல் காந்தத்தில் ஒட்டும் ஃபெரிட்டிக் துருவேறா எஃகில் வருகிறது. டிஸ்கிரிமினேஷன் (வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் அமைப்பு) போட்டிருந்தால் சில கருவிகள் அதை இரும்பென்று ஒதுக்கிவிடும். சிலவற்றில் திரையிலுள்ள எண் ஒரு நிலையில் நிற்காமல் தாவும். இரண்டு ரூபாயும் 2005க்குப் பிறகு இதே வகைதான். சோதனைக்குப் பித்தளை நிற ஐந்து ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதை ஒரு காந்தத்தில் வைத்து ஒட்டாததை உறுதிசெய்துகொள்ளுங்கள். செம்புக் காசுக்கு, பழைய காலணாவை நாணயக் கடையில் வாங்கலாம். ஓர் அங்குல விட்டம் இருப்பதால் வெளிநாட்டுக் காணொளிகளோடு ஓரளவு ஒத்துப்பார்க்கவும் உதவும்.

தங்கத்தைத் தேடுவோர் இன்னும் ஒரு நுட்பத்தை அறிந்திருக்க வேண்டும். மாசி மகத் தீர்த்தவாரியின்போது தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் அலையில் நகை தொலைவதும், மறுநாள் டிடெக்டர் உள்ளவரைத் தேடி வருவதும் வழக்கம். "மூணு பவுன் சங்கிலிங்க, மோதிரத்தைவிடப் பெரிசு, சுலபமா கிடைச்சிடும் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். கிடைப்பது மோதிரந்தான். மோதிரம் முழு வளையமாக இருப்பதால் சுழல் மின்னோட்டம் அதைச் சுற்றித் தடையின்றி ஓடுகிறது. இரண்டு கிராம் மோதிரமும் தெளிவாகக் கேட்கும். சங்கிலியிலோ கண்ணிகள் ஒன்றையொன்று புள்ளியளவில்தான் தொடுகின்றன. கருவிக்குத் தெரிவது 24 கிராம் தங்கம் அன்று, தனித்தனிக் கண்ணிகள். கொக்கியும் தாலி உருவும் மட்டுமே சற்றுப் பெரிய பொருளாகப் பதில் சொல்லும். மோதிரமே ஓரிடத்தில் உடைந்து வாய் திறந்திருந்தாலும் சமிக்ஞை வெகுவாகக் குறையும். எனவே, காசில் வென்ற கருவியைத் தங்கச் சங்கிலிக்கும் சிறந்தது என்று முடிவுகட்டாமல், வீட்டிலுள்ள மெல்லிய சங்கிலி ஒன்றை நூலில் கட்டிக் குழாய்க்குள் தள்ளித் தனியாகச் சோதியுங்கள். ஈக்வினாக்ஸின் 20, 40 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகள் உலர் மணலில் இதற்குக் கை கொடுக்கும்; செம்பு, வெள்ளிக் காசுகளுக்கு 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போவது நல்லது.

அறிகுறி: பெரிய காயில் மாட்டியும் ஆழம் கூடவில்லை

பெரிய காயிலின் புலம் ஆழமாக இறங்கும், ஆனால் அகன்று பரவும். பெரிய பொருளுக்கு அது இலாபம். சிறு காசுக்கு, காயிலின் கீழ் விழும் மண்ணின் அளவு கூடிவிடுவதால் இரும்புக் கனிமம் மிகுந்த இடத்தில் நட்டமாகவே முடிவதுண்டு. செம்மண்ணிலும் கருமணலிலும் சிறிய காயில் அதே காசை அதே ஆழத்திலோ அதைவிடச் சற்றுக் கீழேயோ எடுப்பதைப் பார்க்கலாம். காயிலின் வடிவமும் முக்கியம். ஒரே மையமுள்ள வட்டக் காயிலின் புலம் கீழே போகப் போகக் கூம்பாகக் குறுகும்; இரண்டு D வடிவச் சுருள்களைச் சேர்த்த டிடி காயிலின் புலம் நடுக்கோட்டில் கத்தியலகு போல நீளமாக இறங்கி, குறைந்த மண்ணையே ஒரு நேரத்தில் பார்ப்பதால் கெட்ட மண்ணைத் தாங்கும். இந்த இரு வகைகளையும் ஒப்பிட்டுவிட்டு அதைக் கருவிகளின் ஒப்பீடாகச் சொல்லக் கூடாது. இயன்றவரை ஒத்த அளவு, ஒத்த வகைக் காயில்களையே பொருத்துங்கள். இயலாவிட்டால் காயிலின் அளவையும் வகையையும் முடிவுக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

அறிகுறி: காயிலை அசைக்காமலே கருவி கத்துகிறது

காயிலைத் தரையில் வைத்து அசையாமல் பிடியுங்கள். சத்தம் தொடர்ந்தால் அது மண்ணின் வேலை அன்று, வெளி மின்காந்தக் குறுக்கீடு. மேலே போகும் மின்கம்பி, மோட்டார் கொட்டகை, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் விளக்குகள், சட்டைப் பையிலுள்ள கைப்பேசி, எல்லாமே காரணமாகலாம். ஒப்பீட்டில் மிகவும் கவனிக்கப்படாத காரணம், பக்கத்தில் நிற்கும் நண்பரின் கருவி. ஒன்றைச் சோதிக்கும்போது மற்றதை அணைத்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்றாலும் ஒத்த அலைவரிசையில் இயங்கும் இரண்டு கருவிகள் ஒன்றையொன்று கெடுக்கும். கருவியில் அலைவரிசையைச் சற்றே நகர்த்தும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் இடத்தை மாற்றுவதே வழி.

அறிகுறி: திரை 20 செ.மீ. என்கிறது, தோண்டினால் 9 செ.மீ.யில் இருக்கிறது

கருவி ஆழத்தை அளப்பதில்லை, சமிக்ஞையின் வலிமையை வைத்து ஊகிக்கிறது. காசு அளவுள்ள பொருள் என்று வைத்துக்கொண்டே அந்த ஊகம் போடப்பட்டிருக்கிறது. சிறு மூக்குத்தி அருகே கிடந்தால் ஆழம் என்று காட்டும். பெரிய தகரம் ஆழத்தில் கிடந்தால் மேலே இருக்கிறது என்று காட்டும். காசு செங்குத்தாக நின்றாலும் இதே குழப்பம். ஒப்பீட்டில் திரையிலுள்ள எண்ணைப் பயன்படுத்தவே வேண்டாம், அளவுகோல் போதும்.

அறிகுறி: போன வாரம் கேட்டது இந்த வாரம் கேட்கவில்லை

மண்ணின் ஈரம் மாறியிருக்கும். மழை பெய்து ஊறிய மண்ணில் நெடுநாள் கிடக்கும் இரும்பும் செம்பும் துருவும் களிம்பும் கசியவிட்டுச் சுற்றுமண்ணையும் சற்றுக் கடத்தியாக்குவதால் நன்றாகக் கேட்பதுண்டு; நேற்றுப் புதைத்த காசுக்கு அந்த உதவி கிடையாது, தங்கத்துக்கு என்றைக்குமே கிடையாது. எனவே எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில், ஒரே ஈரத்தில் முடித்துவிடுங்கள். மின்கலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஆள் மாறினால் ஆழமும் மாறுகிறது

பெரும்பாலான கருவிகள் காயில் நகரும்போது மட்டுமே கேட்கும். மிக மெதுவாக வீசினாலும் அவசரமாக வீசினாலும் ஆழம் இழப்பு. ஒலிபெருக்கியில் கேட்பதற்கும் ஹெட்போனில் கேட்பதற்கும், குறிப்பாகக் காற்று அடிக்கும் கரையில், பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் இவை இரண்டையும்விடப் பெரிய சிக்கல், காசு எங்கே இருக்கிறது என்று வீசுபவருக்குத் தெரிந்திருப்பது. தெரிந்த இடத்தில் காது தானாகவே ஒரு முனகலைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே வெறும் துளைகள் சிலவற்றையும் கலந்து வைத்து, எதில் காசு உள்ளது என்பதை வீசுபவருக்குச் சொல்லாமல், "இங்கே ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். இரு திசைகளிலும் வீசி, இரண்டிலும் திரும்பக் கிடைக்கும் சத்தத்தையே கணக்கில் எடுங்கள். வெறும் துளையில் "இருக்கிறது" என்று அடிக்கடி சொல்லும் கருவியின் ஆழத்தை நம்ப முடியாது.

அறிகுறி: பத்து மீட்டர் ஆழம் என்று விற்றார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை

பத்து மீட்டர் ஆழத்தில் கிடக்கும் காசை எந்தக் காயிலாலும் எடுக்க முடியாது. ஆறாம் அடுக்குக் கணக்கை மேலே பார்த்தோம். நீண்ட தடியின் இரு முனைகளிலும் பெட்டி வைத்த கருவிகள் உண்மையானவைதாம், ஓரிரு மீட்டர் ஆழத்துப் பெரிய பொருள்களை, அதாவது புதைந்துபோன இரும்புக் குழாய், பெரிய இரும்பு மூடி, பீப்பாய் போன்றவற்றை எடுக்கும். காசை அவை பொருட்படுத்துவதே இல்லை. தோப்பில் தொலைந்த பழைய பாசனக் குழாயைத் தேடுவோருக்கு அவை ஏற்றவை. ஆனால் கைப்பிடியில் ஆன்டெனா ஆடிக்கொண்டு, தொலைவிலிருந்தே தங்கத்தின் திசையைக் காட்டும் என்று விற்கப்படுபவை வேறு ரகம். இதே பாணியில் வெடிகுண்டைக் காட்டும் என்று ஈராக்குக்கு விற்கப்பட்ட ஏடிஇ 651 என்ற பெட்டிக்குள் வேலை செய்யும் எந்த மின்னணுச் சுற்றும் இல்லை. அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் பிரிட்டனில் பத்தாண்டுச் சிறை கிடைத்தது.

இத்தகைய கருவியை வாங்குமுன், விற்பவர் முன்னிலையிலேயே பத்துப் பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்து, அவர் பார்க்காதபோது ஒன்றின் அடியில் உங்கள் மோதிரத்தை வையுங்கள். எந்த வாளி என்பது தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். வைத்தவர் அறைக்கு வெளியே போய்விட வேண்டும். விற்பவர் தேடிக் காட்டட்டும். ஒருமுறை சரியாகச் சொன்னால் போதாது. பத்தில் ஒன்று குருட்டாம்போக்கில் அமைவதுதான். வாளியை மாற்றி மாற்றி ஐந்தாறு முறை செய்யுங்கள். "இன்றைக்குத் தரையில் உப்பு அதிகம்" என்றோ "சிறிய தங்கம் இதில் வராது" என்றோ பேச்சு தொடங்கினால், பணத்தை எண்ணிக் கொடுக்காமல் மோதிரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.